அமெரிக்க விரைவுக் காரும் ஜப்பானிய விரைவுக் காரும்

சென்ற பொங்கல் விழாவன்று, நம் காலனிச் சிறுமியரின் கோலாட்டம் முடிந்து பெரியோர் காபிக்குக் காத்திருந்த வேளையில், ஒரு தாத்தாவுக்கும் அவர்தம் பேரனுக்கும் எழுந்த வழக்கே இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்தது. தாத்தா, இந்நகரின் விமானத் தொழிற்சாலையில் எஞ்சின் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எஞ்சின்களை டெஸ்ட் பெட்டில் ஏற்றி ஓடவிட்டு, காட்டும் எண்களைக் குறித்துக் கையொப்பமிடுவதே அவர் தொழில். பேரன் பொறியியல் பட்டம் பெற்று ஒயிட்ஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். ஜப்பானியக் கார்களின் பேரில் தீராத காதல் கொண்டவன்.

"1970லேயே அமெரிக்காக்காரன் 450 குதிரைச் சக்தியுள்ள காரைக் கடையில் வைத்து விற்றான். இருபது வருஷம் கழித்து உன் ஜப்பான்காரனால் 280க்கு மேல் போக முடியவில்லையே!" என்றார் பெரியவர். "அந்த 450 வெறும் விளம்பரக் கணக்கு, தாத்தா. உங்கள் காலத்து எண்கள் எல்லாம் பொய்" என்று பேரன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். பெரியவரின் முகம் வாடியதை நாம் கண்டோம். வாழ்நாள் முழுதும் எண்களைப் பார்த்து, அவை மெய்யென்று கையெழுத்திட்டுப் பிழைத்த ஒருவரிடம் அச்சொல் சிறு சொல்லன்று. அருகில் இருந்த நம்மை இருவரும் நடுவராக்க முயன்றனர். நாம் அன்று ஏதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டோம். ஓராண்டாகத் தேடிப் படித்தவற்றை அன்பர்கள் முன் இம்மலரில் வைக்கின்றோம்.

இவ்வழக்கின் வேர் நம் பெங்களூரிலேயே ஒரு கிளையை ஊன்றியிருப்பதை முதற்கண் கூறல் வேண்டும். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு இந்நகரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஜப்பான் போரில் இறங்கியபின், 1943இல் அத்தொழிற்சாலை அமெரிக்க இராணுவத்தின் விமானப் படைப்பிரிவினிடம் ஒப்புவிக்கப்பட்டு, கிழக்கே போரிட்ட விமானங்களைச் செப்பனிடும் பெரும் பணிமனையாயிற்று. நம் வழக்காளியான பெரியவரின் தந்தையார் வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்தது அக்காலத்தில்தான். கேட்டலினா, டக்கோட்டா, லிபரேட்டர் ஆகிய மூவகை விமானங்களுக்கும் ஓரே குடும்பத்து எஞ்சின்தான்: பிராட் அண்டு விட்னியின் 'ட்வின் வாஸ்ப்'. பதினான்கு சிலிண்டர்கள் இரு வளையங்களாக அமைந்த, ஏறத்தாழ 30 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் அது.

எதிர்ப்புறத்தில், மிட்சுபிஷியின் 'ஜீரோ' விமானத்தை இயக்கிய எஞ்சினும் பதினான்கு சிலிண்டர் கொண்டதே. நகாஜிமா நிறுவனத்தார் செய்த அந்தச் 'சகாயே' எஞ்சினின் கொள்ளளவு 28 லிட்டருக்குச் சற்றே குறைவு. ஆக, போர் முடிந்த 1945இல் இரு நாட்டினரும் எஞ்சின் அறிவில் வெகு தொலைவு விலகி நிற்கவில்லை. அதன்பின் இருவரும் சென்ற வழிகள் வேறு வேறாயின. ஏன் வேறாயின என்பதே நாம் காணவேண்டிய வரலாறு.

தோற்ற ஜப்பானில் விமானம் செய்தல் தடை செய்யப்பட்டது. நகாஜிமா நிறுவனம் துண்டு துண்டாகக் கலைக்கப்பட்டது. வானூர்தி வரைந்த கைகள் ஸ்கூட்டரும் பேருந்தும் வரையத் தொடங்கின. அத்துண்டுகள் சில கூடிப் பிறந்ததே இன்று சுபாரு கார்களைச் செய்யும் நிறுவனம். வேறொரு துண்டு பிரின்ஸ் மோட்டார் என்னும் நிறுவனத்தோடு இணைந்தது. நகாஜிமாவின் 'ஹொமாரே' எனும் போர் எஞ்சினை உருவாக்கிய ரியோயிச்சி நாககாவா, பின்னர் பிரின்ஸிலும், 1966இல் பிரின்ஸ் நிஸ்ஸானோடு இணைந்தபின் அங்கும், எஞ்சின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கினார். பேரன் போற்றும் 'ஸ்கைலைன்' கார் பிரின்ஸ் வீட்டுப் பிள்ளை என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

வென்ற அமெரிக்காவிலோ, போர் முடித்துத் திரும்பிய இளைஞர் கையில் காசும் இருந்தது. விமானமும் டாங்கியும் பழுதுபார்த்துப் பெற்ற கைத்திறனும் இருந்தது. பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, எஞ்சினைத் திருத்தி ஓட்டலாயினர். ஓட்ட இடம்? போருக்கென அமைத்துக் கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள் இருந்தன. 1950இல் கலிஃபோர்னியாவின் சாண்டா அனா ஓடுபாதையில் முறையான நேர்கோட்டுப் பந்தயம் தொடங்கியது. 1951இல் அப்பந்தயத்துக்கென ஒரு நாடளாவிய சங்கமும் அமைந்தது. தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். திருப்பமோ வளைவோ கிடையாது. விளக்கு மாறினால் புறப்படு, முன்னால் சென்று முடி, அவ்வளவே ஆட்டம்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் அதிலேதான் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தினர். பெங்களூரிலிருந்து முந்தின இரவே இரயிலேறிச் சென்று, வெயிலில் நின்று, செம்மண் பூசிக்கொண்டு திரும்பியவர் நம் காலனியில் இன்னும் சிலர் உளர். ஓடுபாதை கிடைத்த இடத்திலெல்லாம் பந்தயம் முளைத்தது போலும்!

நிற்க. அமெரிக்கன் அந்நேர்கோட்டிலேயே வளர்ந்தான். அவன் நாட்டுச் சாலை நேராயும் அகலமாயும் நீண்டது; பெட்ரோல் தண்ணீர் விலை; எஞ்சினின் அளவுக்கேற்ப வரி போடும் வழக்கம் அங்கில்லை. எனவே, விசை வேண்டின் எஞ்சினைப் பெரிதாக்குவதே மிக எளிய, மிக மலிந்த வழி. 1953 ஜனவரியில் நியூயார்க் நகரத்து வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் செவர்லே நிறுவனத்தார் 'கார்வெட்' எனும் விளையாட்டுக் காரைக் காட்சிக்கு வைத்தனர். அதன் உடல் கண்ணாடி இழையால் ஆனது. பார்வைக்கு மிக அழகியது. எஞ்சினோ குடும்பக் காருக்கான ஆறு சிலிண்டர் எஞ்சின். 150 குதிரைச் சக்தி. கியர் பெட்டி இரண்டே கியர் கொண்டது, அதுவும் தானே மாறுவது! அவ்வாண்டு 300 கார்கள் மட்டுமே செய்தனர். அழகிருந்தும் ஆற்றல் இல்லாமையால் அது அழிந்தொழியும் நிலைக்கு வந்தது. 1955இல் செவர்லேயார் புதிதாகச் செய்த 265 கன அங்குல, அதாவது 4.3 லிட்டர், வி-8 எஞ்சினை அதற்குப் பொருத்தியதும், ரஷ்யப் பெற்றோருக்குப் பெல்ஜியத்தில் பிறந்த சோரா ஆர்க்கஸ் டன்டோவ் என்னும் பொறியாளர் அதைத் தம் பிள்ளைபோல் பேணியதுமே அதனைப் பிழைக்க வைத்தன.

அந்த வி-8 எஞ்சினை வேறெந்த நாட்டானும் பார்த்துச் சிரிப்பான். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் எஞ்சினின் நடுவயிற்றில் கிடக்கும். அங்கிருந்து நீண்ட தள்ளுகோல்கள் மேலே சென்று வால்வை அசைக்கும். பழைய முறைதான். ஆயினும் மலிவு, கச்சிதம், கைதேர்ந்த எந்த மெக்கானிக்கும் மரத்தடியில் பிரித்துச் சேர்க்கலாம். 1964இல் பாண்டியாக் நிறுவனத்தார் ஒரு தந்திரம் செய்தனர். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்பது அவர்களுடைய தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸின் விதி. பாண்டியாக்கார் தம் 'டெம்பெஸ்ட்' காரில் 389 கன அங்குல எஞ்சினை 'விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம்' என்னும் பட்டியலில் நுழைத்துவிட்டனர். அதுவே 'ஜி.டி.ஓ.' அதே ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் ஃபோர்டு நிறுவனத்தின் 'மஸ்டாங்' வெளிவந்தது. இரண்டாண்டுக்குள் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. பின்னர் ஆண்டுதோறும் எஞ்சின் பெருத்துக்கொண்டே போயிற்று. 1970இல் செவர்லேயின் 'ஷெவல்' காரில் 454 கன அங்குல எஞ்சின் வந்தது. 7.4 லிட்டர்! பெரியவர் கூறிய 450 குதிரைச் சக்தி இதற்குரியதே. அக்காரின் எடை ஒன்றே முக்கால் டன் அளவு.

ஜப்பானியனுக்கு இவ்வசதிகளில் ஒன்றும் வாய்க்கவில்லை. மலைநாடு, சந்து சந்தான சாலை, எல்லாப் பெட்ரோலும் கப்பலில் வரவேண்டும். முதல் விரைவுச் சாலையின் முதற்பகுதியே 1963இல்தான் திறக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக வரி. எஞ்சின் 2,000 கன சென்டிமீட்டரைத் தாண்டினாலும், வண்டியின் அகலம் 1.7 மீட்டரைத் தாண்டினாலும், அது மேல்வகுப்புக் காராகக் கருதப்பட்டு ஆண்டுவரி பன்மடங்கு உயரும். 1989 வரை நிலைமை இதுவே. எஞ்சினைப் பெரிதாக்கும் கதவு அடைக்கப்பட்டவன் என் செய்வான்? சிறு எஞ்சினை வேகமாகச் சுழற்றுவான். வண்டியின் எடையைக் குறைப்பான். ஜப்பானிய விரைவுக் காரின் முழு வரலாறும் இவ்விரண்டில் அடங்கும்.

மோட்டார் சைக்கிள் செய்து புகழ்பெற்ற ஹோண்டா நிறுவனத்தார் 1960களில் செய்த சிறு கார்களைப் பாருங்கள். 'எஸ்-600' காரின் எஞ்சின் 606 கன சென்டிமீட்டர். நம் மாருதி 800ஐ விடச் சிறியது. நான்கு சிலிண்டர், நான்கு கார்புரேட்டர். நிமிடத்துக்கு 8,500 சுற்றில் 57 குதிரைச் சக்தி. கைக்கடிகாரத்தைப் பெரிதாக்கி வண்டியில் வைத்தாற் போன்றது அது. லிட்டர் ஒன்றுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால், ஹோண்டா ஏறத்தாழ 94, அமெரிக்கனின் 7.4 லிட்டர் அசுரனோ 61 தான்.

1964 மே மாதம் சுசுகா பந்தயத்தில் நடந்தது ஜப்பானியர் இன்றும் மறவாத நிகழ்ச்சி. பிரின்ஸ் நிறுவனத்தார் தம் 'ஸ்கைலைன்' குடும்பக் காரின் மூக்கை 20 சென்டிமீட்டர் நீட்டி, நான்கு சிலிண்டர் இருந்த இடத்தில் ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்துக் கொண்டுவந்தனர். எதிரே பந்தயத்துக்கென்றே செய்த ஜெர்மானிய 'போர்ஷே 904'. போர்ஷேதான் வென்றது, அதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு முதல் ஆறு வரையிலான இடங்களையெல்லாம் ஸ்கைலைன்களே பிடித்தன. ஒரு சுற்றில் ஸ்கைலைன் ஒன்று போர்ஷேயை முந்தியும் ஓடியது. குடும்பக் கார் முந்திக்கொண்டு வந்ததைக் கண்ட கூட்டம் ஆரவாரித்தது. ஐந்தாண்டு கழித்து, 1969இல், 'ஸ்கைலைன் ஜி.டி.-ஆர்.' பிறந்தது. இரண்டு லிட்டருக்குட்பட்ட ஆறு சிலிண்டர், இருபத்து நான்கு வால்வு, 160 குதிரைச் சக்தி. அமெரிக்காவில் 'ஷெவல்' 450 என்று முழங்கிய அதே நேரத்தில்தான் இதுவும் என்பதை ஓர்க.

ஒருவரையொருவர் அறியாமலும் அவர்கள் இருந்துவிடவில்லை. யமஹா நிறுவனத்தின் துணையோடு டொயோட்டா செய்த '2000 ஜி.டி.' காரை 1968இல் அமெரிக்கப் பந்தயத்தில் ஓட்டுவித்தவர் யார் தெரியுமா? ஃபோர்டின் வி-8 எஞ்சினைச் சிறு ஆங்கிலக் காரில் ஏற்றிக் 'கோப்ரா' எனப் பேரெடுத்த கேரல் ஷெல்பிதான். நிஸ்ஸானார் அமெரிக்காவுக்கென்றே 2.4 லிட்டர் எஞ்சினோடு 'டாட்சன் 240-இசட்' காரை 1970இல் அங்கே இறக்கினர். விலை 3,500 டாலரை ஒட்டியது. மேற்குக் கடற்கரையில் வாங்கக் காத்திருந்தோர் வரிசை நீண்டது.

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம்.

1970இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறியது. ஈயம் கலவாத பெட்ரோலுக்கு ஏற்றவாறு 1971 முதல் ஜெனரல் மோட்டார்ஸார் தம் எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தனர். இளைஞர் ஓட்டும் வேகக் கார்களுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. 1974இல் மணிக்கு 55 மைல் என்னும் வேக எல்லை நாடெங்கும் வந்தது. ஆனால் இவையெல்லாம் ஒருபுறமிருக்க, யாரும் எஞ்சினைத் தொடாமலே குதிரைச் சக்தி குறைந்த ஒரு வேடிக்கையும் நடந்தது. அளவுகோலை மாற்றிவிட்டனர்!

1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரப்படுத்தியது 'மொத்த' குதிரைச் சக்தி. எஞ்சினைத் தனியே கழற்றிச் சோதனை மேடையில் வைத்து, விசிறி, டைனமோ, காற்று வடிகட்டி முதலிய சுமைகளை நீக்கி, புகைபோக்கியும் தடையின்றித் திறந்திருக்க எடுத்த அளவு அது. 1972 முதல் 'நிகர' அளவு. வண்டியில் எப்படிப் பொருந்துமோ அப்படியே எல்லாக் கருவிகளையும் மாட்டி, புகைக்குழலும் மஃப்ளரும் வைத்து எடுப்பது. 1971ஆம் ஆண்டு மட்டும் இரு அளவுகளையும் வெளியிட்டதால் நமக்கு நல்வாய்ப்பாயிற்று. 'ஷெவல்' காரின் அந்த 454 கன அங்குல எஞ்சினே, அழுத்தம் சற்றுக் குறைந்து, 1971இல் கார்வெட்டில் வந்தது. மொத்த அளவில் 425. நிகர அளவில் 325. நூற்றுக்கு இருபத்து மூன்று பங்கு, காகிதத்திலேயே கரைந்துவிட்டது. இவ்விகிதத்தை 1970இன் 450க்குப் பொருத்திப் பார்த்தால் ஏறத்தாழ 345 வருகிறது. இது நமது கணக்கே. நிறுவனத்தார் அளந்து சொன்னதன்று.

சாதாரணக் கார்வெட்டின் கதை இதனினும் பரிதாபம். 1970இல் 300 மொத்தம், 1971இல் 270 மொத்தம், அதுவே 210 நிகரம், 1972இல் 200 நிகரம், 1975இல் 165. ஐந்தாண்டில் பாதியாகிவிட்டது என்று பலரும் எழுதுகின்றனர். அவ்வீழ்ச்சியில் ஏறத்தாழ பாதியே மெய். மீதி அளவுகோல் மாறியதன் விளைவு.

இதனால், அமெரிக்கர் அனைவரும் கூட்டியே சொன்னார்கள் என்று முடிவு கட்டிவிடலாகாது. காப்பீட்டுக்காரருக்கும் பந்தய வகுப்பு விதிகளுக்கும் அஞ்சி, எஞ்சின் தருவதைக் காட்டிலும் குறைத்துச் சொன்ன கார்களும் அக்காலத்தில் உண்டு. மேலும் ஜப்பானிலும் 1980களின் நடுப்பகுதி வரை மொத்த அளவே வழக்கில் இருந்தது. ஆகவே 1969 ஸ்கைலைனின் 160உம் அதே துலாக்கோலில் நிறுத்ததுதான்.

அடுத்து, பேரனின் 280. 1989இல் ஜப்பானிய விரைவுக் கார்களுக்குப் பொற்காலம் பிறந்தது. ஹோண்டாவின் அலுமினிய உடல் கொண்ட 'என்.எஸ்.எக்ஸ்.', மாஸ்டாவின் சிறிய 'எம்.எக்ஸ்.-5' இரண்டும் அவ்வாண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டன. நிஸ்ஸான், பதினாறு ஆண்டுகள் உறங்கிய 'ஜி.டி.-ஆர்.' பெயரை எழுப்பியது. புதிய ஸ்கைலைன் 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, நான்கு சக்கரத்துக்கும் விசை. ஆஸ்திரேலியாவின் பாத்தர்ஸ்ட் பந்தயத்தை 1991இலும் 1992இலும் வென்றது. ஆஸ்திரேலியர் இட்ட பட்டப்பெயர் 'காட்ஸில்லா'. வி-8 கார்களே ஆண்ட களத்தில் அது நுழைந்தமையால் 1992இல் பரிசு மேடையின் முன் கூட்டம் கூச்சலிட்டு இகழ்ந்தது. வேறு புகழ்மாலை வேண்டுமா?

அக்காருக்கு விளம்பரத்திற் கூறிய சக்தி 280. ஏன் 280? 1988இல் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தோர் தொகை மீண்டும் பதினாயிரத்தைத் தாண்டியது. அரசு சட்டம் போடுமுன் கார் செய்வோரே கூடி, எந்தக் காருக்கும் 280க்கு மேல் சொல்வதில்லை என ஒப்புக்கொண்டனர். எழுதி வைத்த சட்டமன்று, வாய்மொழிப் பண்பாடு. 2004 வரை அது நிலைத்தது. அக்காலத்தில் வெளிவந்த பல கார்களின் பட்டியலைப் பார்த்தால், எஞ்சின் வேறு, நிறுவனம் வேறு, எடை வேறு. சக்தி மட்டும் எல்லாவற்றுக்கும் 280! இது இயற்கையன்று என்று குழந்தையும் அறியும். சோதித்தவர் பலர் அவற்றுட் சில 300ஐத் தாண்டுவதைக் கண்டனர். அன்றியும் ஜப்பானியக் குதிரை அமெரிக்கக் குதிரையைவிடச் சிறிது சிறியது. அமெரிக்கக் கணக்கில் 280 என்பது 276.

எனவே தாத்தாவின் 450 உண்மையில் 345ஐ ஒட்டியது. பேரனின் 280 உண்மையில் 300ஐ ஒட்டியோ தாண்டியோ நின்றது. ஒருவன் மார்தட்டிக் கூட்டிச் சொன்னான். மற்றொருவன் ஊருக்கஞ்சிக் குறைத்துச் சொன்னான். இருவர் சொன்னதும் அவரவர் நாட்டு முறைப்படி மெய்யே. பொய் என்ற சொல்லுக்கு இங்கு இடமில்லை என்பது நமது தீர்ப்பு. ஆயினும் ஏழரை லிட்டருக்கு 345உம், 2.6 லிட்டருக்கு 300உம் என்று நிறுத்துப் பார்க்கையில், இடையே கழிந்த இருபதாண்டையும் டர்போவையும் மறந்துவிடலாகாது. 1970இன் காரை 1990இன் காரோடு ஓட்டிப் பார்ப்பது, பாட்டனாரைப் பேரனோடு ஓட்டப்பந்தயத்தில் விடுவதை ஒக்கும்.

அவரவர் காலத்து அயலானோடு ஒப்பிடுக என்று கேட்டால், நாம் 1969இல் ஜப்பானியன் பக்கமும், 1997க்குப் பின் அமெரிக்கன் பக்கமும் சாய்வோம். இது கேட்டுப் பேரன் சினப்பான். அவ்வாண்டு வந்த கார்வெட்டின் 5.7 லிட்டர் எஞ்சின் அலுமினியத்தாலானது. பழைய தள்ளுகோல் முறையே. 345 குதிரைச் சக்தி, நிகரம். லிட்டருக்கு 61 தானே என்று இகழ்வோர் எஞ்சினின் வெளியளவைப் பார்ப்பதில்லை. கேம்ஷாஃப்ட் தலைமேல் இல்லாததால் அது உயரத்தில் குட்டை, அகலத்தில் குறுகல். நான்கு கேம்ஷாஃப்ட் சுமக்கும் சிறு வி-8ஐ விட அதிக இடம் அடைப்பதில்லை. லிட்டர் கணக்கு வரி போடும் அதிகாரிக்கு வேண்டியது. வண்டி செய்பவனுக்கு எடையும் இடமும் போதும். மறுபுறம் 1999இல் ஹோண்டாவின் 'எஸ்-2000', டர்போ ஏதுமின்றி இரண்டு லிட்டரில் 250 குதிரைச் சக்தி கறந்தது. நிமிடத்துக்கு 9,000 சுற்று சுழன்றது. முப்பதாண்டுக்கு முன் கைக்கடிகாரம் செய்த அதே கை!

நம் நாட்டில் இவ்விரண்டு மரபும் நெடுங்காலம் எட்டாக்கனியாகவே இருந்தன. 1928 முதல் பம்பாயில் செவர்லே கார்களைப் பூட்டிய ஜெனரல் மோட்டார்ஸார், உள்நாட்டிலேயே உறுப்புகள் செய்தல் வேண்டும் என்ற கொள்கை வந்ததும் 1954இல் வெளியேறினர். ஃபோர்டும் அக்காலத்திலேயே சென்றது. ஜப்பானியன் 1983 டிசம்பரில் மாருதி 800 வடிவில் வந்தான். 796 கன சென்டிமீட்டர், மூன்று சிலிண்டர். இதை வைத்து விரைவுக் காரா என்று நகைக்கலாம். கோயமுத்தூர் ஆலைத்தொழிற் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் நகைக்கவில்லை. அவ்வெஞ்சினையே எடுத்து, குழாய்ச் சட்டத்தில் பொருத்தி, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். 1980களின் இறுதியில் வந்த அந்த 'ஃபார்முலா மாருதி' வண்டியால், செல்வர் வீட்டு வெளிநாட்டுக் கார்களின் களமாயிருந்த பந்தயத்தில் எல்லார்க்கும் ஓரே எஞ்சின், ஓரே வண்டி என்ற நிலை பிறந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுகளமும் அமைந்தது. கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தது நம் தமிழகத்து மோட்டார் விளையாட்டுக்கு ஆறாத இழப்பாகும்.

அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டப் பழகியவருள் ஒருவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். இரு நாட்டு மரபையும் ஒருங்கே கையாண்ட தமிழர் இவரைப் போல் மற்றொருவர் இலர். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டினார். அவ்வண்டியின் எஞ்சின் டொயோட்டாவினுடையது. அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் களத்தில், டயர்ச் சிக்கலால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய விந்தைப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் பெற்ற முதற் புள்ளிகள் அவை. ஆறு பேரில் நான்காவதுதானே என்பார் உளர். ஓடாதவர் பதினால்வர், அது நரேன் குற்றமன்று.

2010இல் அவரே அமெரிக்க 'நாஸ்கார்' அமைப்பின் டிரக் பந்தயங்களில் ஓட்டினார். அங்கே விதி 358 கன அங்குல வி-8, தள்ளுகோல், கார்புரேட்டர். 1955இன் செவர்லே வீட்டுச் சொத்து அப்படியே! ஜப்பானிய டொயோட்டாவும் அப்பந்தயத்தில் நுழைய விரும்பியபோது, 2004இல், அமெரிக்க முறையிலேயே தள்ளுகோல் வி-8 ஒன்றைப் புதிதாக வரைந்து செய்துகொண்டுதான் வரவேண்டியிருந்தது. பின்னர் நரேன் ஜப்பான் சென்று பல ஆண்டுகள் ஓட்டினார். 2019 நவம்பர் 24ஆம் நாள், ஃபூஜி மலையடிக் களத்தில், ஜெர்மானியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஓட்டிய பந்தயத்தில் ஹோண்டா 'என்.எஸ்.எக்ஸ்.' காரில் முதலிடம் பெற்றார். அவ்வண்டியின் எஞ்சின் இரண்டு லிட்டர், நான்கே சிலிண்டர், டர்போ. வென்ற செய்தி நம் ஊர் நாளேடுகளில் ஒரு மூலையில் வந்தது.

இவ்வளவும் எழுதி முடித்தபின், அச்சுக்குக் கொடுக்குமுன் பெரியவர் வீட்டுக்குச் சென்று படித்துக் காட்டினோம். பேரனும் உடனிருந்தான். 425 மொத்தம், 325 நிகரம் என்ற இடத்துக்கு வந்ததும் பெரியவர் கையுயர்த்தி நிறுத்தினார். "பெட்டில் ஏற்றும்போது ஃபேன் மாட்டவில்லை, சைலன்சர் மாட்டவில்லை, அப்படித்தானே? இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கும் இவனுக்கும் பேச்சே இல்லையே! நாங்கள் ரீடிங் எழுதும் தாளில், எஞ்சினோடு என்னென்ன மாட்டியிருக்கிறது என்பதைத்தான் மேலே முதல் வரியில் எழுதுவோம்" என்றார். பேரன் சற்று நேரம் பேசாதிருந்து, "அந்தத் தாள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா, தாத்தா?" என்று கேட்டான். தொழிற்சாலைத் தாளை வீட்டுக்கு எடுத்து வருவதாவது என்று பெரியவர் அதட்டினார். ஆயினும் குரலில் கோபமில்லை.

இப்போது அவ்வீட்டில் மின்சாரக் கார்களைப் பற்றிய வழக்கு தொடங்கியிருப்பதாகக் கேள்வி. அதில் நாம் தலையிடுவதாயில்லை.